நட்சத்திரம் வெடித்த அன்று ஏறாவூருக்குப் போன சஹன்

கலியாண வீட்டு வாசலில் போன் வாங்கிவைக்கிற பொறுப்பை நிஸ்மியாவிடம் கொடுத்தது யாருடைய யோசனை என்று கடைசிவரை தெரியவில்லை. காலையில் நான்கு பேர் அதற்கு உரிமை கொண்டாடினார்கள். பின்னேரம் ஒருவரையும் காணோம்.

காத்தான்குடிக் கலியாணங்களில் பெண்கள் பக்கத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. பார்த்துப் பார்த்து உடுத்து வருகிறவர்களை யாராவது ஒருத்தி படமெடுத்து, அது நாளைக்கு ஊரெல்லாம் சுற்றினால் யார் பொறுப்பு? அதனால் வாசலில் ஒருவர் நின்று போன்களை வாங்கிவைப்பார். சாதாரணமாக அது சிரித்துப் பேசி நடக்கிற காரியம். ஆனால் நிஸ்மியா பாலர் பாடசாலை டீச்சர், பெண்ணுக்கு உம்மாவின் தங்கை, சாச்சி வேறு. அவள் கதிரையைப் போட்டு உட்கார்ந்ததுமே அந்த வாசல் சோதனைச்சாவடி ஆகிவிட்டது.

முதல் போனாகக் கலியாணப் பெண்ணின் போனையே வாங்கிக்கொண்டாள்.

"பொண்ணுட போனே என்ட கையில இரிக்கி," என்று வந்தவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினாள். "உங்கட போன் அதவிடப் பெரிசா?"

கலியாணப் பெண் இர்ஷானா பேசாமல் கொடுத்திருந்தாள். இன்றைக்குத் தன்னை யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தாள். நான்கு வருடம் வானத்தைப் படித்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது. வானம் யாரிடமும் நாள் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை.

அவளுடைய வாப்பா ஹமீட், ஹார்ட்வெயார் கடைக்காரர். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்கிறவர்களுக்குக் "காலநிலை" என்று சொல்லிவைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றால் சீமெந்து விற்க முடியாது. உண்மை என்னவென்றால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவு செய்துகொண்டு, பாதி வருடம் அங்கேயும் பாதி வருடம் இந்த வீட்டு மேல்மாடியிலும் இருந்து, இர்ஷானா கலக்ஸிகளைச் சுற்றியிருக்கிற வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

கலக்ஸி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது படங்களில் பார்க்கிற அந்த ஒளிச் சுழி. அது நடுவில் உள்ள கொஞ்சம்தான். அதைச் சுற்றி, அதைவிடப் பல மடங்கு தூரத்துக்கு மெல்லிய வாயு பரந்து கிடக்கிறது. உள்ளே நட்சத்திரங்கள் வெடிக்கும்போது, தங்கள் வயிற்றில் சமைத்து வைத்திருந்த மக்னீசியம், இரும்பு எல்லாவற்றையும் அந்த வெளிக்குள் வீசியெறிகின்றன. சிக்கல் என்னவென்றால் அந்த வாயு மினுங்காது. அதைப் பார்க்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு விளக்கு வேண்டும். விளக்கின் ஒளி வாயுவைக் கடந்து வரும்போது, வாயு தனக்குப் பிடித்த நிறங்களை விழுங்கிவிடும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்து அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இர்ஷானா ஆராய்ந்த கலக்ஸிக்கு நீளமான ஒரு பட்டியல் எண் இருந்தது. அவள் அதைக் கள்ளி என்று கூப்பிட்டாள். கள்ளியின் வாயு மற்றவர்கள் நினைப்பதைவிட வெகுதூரம் வெளியே போயிருக்கும் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தாள். வாசித்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: சரி, கண்டீர்களா? காணவில்லை. கள்ளிக்குப் பின்னால், அவள் சொன்ன அந்த ஓரத்தில், ஒரு விளக்கும் இல்லை. விளக்கில்லாத இடத்தைப் பற்றி நான்கு வருடம் எழுதிய பெண் என்று அவளைப் பற்றி ஒரு மாநாட்டில் யாரோ பகிடி விட்டதும் அவள் காதுக்கு வந்தது. அன்று அவள் அழுதாள்.

இப்போது மேல்மாடி அறையில் ஆரையம்பதியிலிருந்து வந்திருந்த தனுஷியா அவளுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். வாவிப் பக்கத்து யன்னலால் மேற்கிலிருந்து கச்சான் காற்று சூடாக அடித்தது. வலது கண்ணுக்கு மை வைத்து முடித்து இடது கண்ணுக்குத் தனுஷியா குனிந்த நேரம், மேசையில் திறந்தபடி கிடந்த லெப்டொப் மணி அடித்தது.

"ஆடாதீங்க அக்கா, கோடு போயிரும்."

மணி மறுபடியும் அடித்தது. அந்த மணியை இர்ஷானா தானே அமைத்திருந்தாள். வானத்தில் அவள் குறித்துவைத்த ஒரு சின்ன வட்டத்துக்குள் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் மட்டும் அது அடிக்கும். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அடித்ததில்லை.

அவள் எழும்பின வேகத்தில் மை அவள் கன்னத்தில் ஒரு கோடு கிழித்தது. திரையை வாசித்தாள். மீண்டும் வாசித்தாள். ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. கள்ளியின் ஓரத்தில், ஆனால் கள்ளிக்கும் வெகுதூரம் அப்பால், வேறொரு கலக்ஸியில். அவள் வாயு இருக்கும் என்று எழுதின அதே இடத்துக்கு நேர் பின்னால்.

"விளக்கு," என்றாள். "தனுஷியா, விளக்கு வந்திட்டு!"

"கரண்ட் போகவே இல்லையே அக்கா."

இர்ஷானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெடித்த நட்சத்திரத்தின் ஊதா ஒளி முதல் ஓரிரு நாள்தான் கொழுந்துவிட்டு எரியும். அவளுக்கு வேண்டிய நிறம் அந்த ஊதாவுக்குள்தான் இருந்தது. சிலி நாட்டு மலை உச்சியில் இருக்கிற பெரிய தொலைநோக்கியால் அதைப் பிடிக்கலாம். இப்படி ஏதாவது திடீரென்று நடந்தால் குறுக்கே புகுந்து நேரம் கேட்கிற உரிமை அவளுக்கும் அவளுடைய பேராசிரியருக்கும் இருந்தது. ஆனால் அந்த மலைக்கு நாளையிலிருந்து பனிப்புயல் என்று அறிவித்திருந்தார்கள். பேராசிரியரோ ஏதோ ஒரு சமுத்திரத்துக்கு மேலே விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். இங்கே பகல் சாப்பாட்டு நேரம். அங்கே இன்னும் விடியவில்லை. விடிவதற்குள் அவள் கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கலியாண உடுப்போடு கதிரையின் நுனியில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். எந்த இடம், எந்த நிறம், எவ்வளவு நேரம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அனுப்பு என்று அழுத்தினாள். திரையில் ஒரு பெட்டி வந்தது: உங்கள் தொலைபேசியில் தெரியும் ஆறு இலக்கங்களை இடவும்.

"என்ட போன்," என்றாள் இர்ஷானா.

நிஸ்மியா மேலே வந்தாள். விசயத்தைக் கேட்டாள். முதலில் முடியாது என்று தலையாட்டினாள், பிறகு இர்ஷானாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"சரி சரி, அழாத. பத்திரமாத்தான் வெச்சிரிக்கன். கூடை நிறைஞ்சு போச்சு, ஆளாளுக்கு வந்து கிண்டத் தொடங்கிட்டாளுகள். அதால வெறும் சஹன் ஒண்டுக்குள்ள எல்லாத்தையும் போட்டு, மூடி, துணியால கட்டிட்டன். ஒரு புள்ள கை வெக்க ஏலாது."

கீழே குசினி நடையில் வெள்ளைத் துணியால் கட்டின சஹன் ஒன்று மட்டும் இருந்தது. காலையில் அங்கே ஒரு வரிசையே இருந்தது. ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற பெரிய சஹன்கள், புரியாணி நிறைத்து, மூடி, துணியால் கட்டி, மாப்பிள்ளை வீட்டாருக்காக ஏறாவூருக்கு வேனில் போயிருந்தன. நிஸ்மியா குனிந்து வெற்றியோடு முடிச்சை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள்.

நெய் வாசமும் ஆவியும் கிளம்பி அவள் மூக்குக் கண்ணாடியை மறைத்தது. சோறு, பொரித்த கோழி, பாதியாக வெட்டின முட்டை.



"அல்லாவே," என்றாள் நிஸ்மியா. "போன் ஏறாவூருக்குப் போயிட்டு."

அந்த வீட்டுப் பெண்கள் பக்கத்தில் ஒரு போன்கூட மிச்சமில்லை. நிஸ்மியா அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாள். நடையின் கோடியில், ஆண்கள் பந்தலுக்கும் பெண்கள் பக்கத்துக்கும் இடையில் தொங்கின திரையருகே கலியாணப் பெண் ஓடிப்போய் நின்று, "வாப்பா!" என்று போட்ட சத்தத்தில் பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. ஹமீட் ஓடி வந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஏதோ மரணம் என்றே நினைத்தார்.

"வாப்பா, மின்ஹாஜுக்குப் போன் எடுங்க. இப்பவே. மறுகா சொல்றன்."

மாப்பிள்ளையின் பெயரை அவள் சத்தமாகச் சொன்னதே அன்றைக்குத்தான் முதல் தடவை. நிச்சயம் பண்ணின பிறகு இருவரும் பேசியதெல்லாம் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, சுகமா, சாப்பிட்டீங்களா என்ற அளவில்தான். மின்ஹாஜ் ஏறாவூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறவன், அமைதியானவன் என்பதற்கு மேல் அவளுக்கு அவனைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தன் வேலையைப் பற்றி அவனுக்குச் சொல்லவும் இல்லை. எங்கே தொடங்குவது?

தனுஷியா லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இர்ஷானா நடையிலேயே, புரியாணிச் சஹனுக்குப் பக்கத்தில், நிலத்தில் உட்கார்ந்தாள். ஹமீட் திரைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டிப் போனைப் பிடித்தபடி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, நானே எடுக்கத்தான் இருந்தன்," என்றான் மின்ஹாஜ். அவனுக்குப் பின்னால் நாலைந்து விதமான ரிங்டோன்கள் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. "இஞ்ச ஒரு சின்ன விசயம். பெரியப்பாவும் ஆக்களும் கை கழுவி சஹனச் சுத்தி இருந்திட்டாங்க. மூடியத் துறந்தா உள்ளுக்கு முழுக்கப் போன்."

"அதுல ஒண்டு என்ட," என்றாள் இர்ஷானா.

ரிங்டோன் சத்தத்தை விட்டு அவன் தள்ளிப் போவது கேட்டது. பிறகு அவன் மெதுவாக, "நீங்களா? சொல்லுங்க," என்றான்.

அவள் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். நட்சத்திரம், ஊதா ஒளி, சிலி, பனிப்புயல், ஆறு இலக்கம். எதையும் விளக்க நேரமில்லை. விளங்கினதா என்று கேட்கவும் நேரமில்லை. தன்னைப் பற்றி இவ்வளவையும் ஒரு மனிதனுக்கு முதல் தடவையாக இந்த வேகத்தில் சொல்ல வேண்டி வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. அவள் நிறுத்தினதும் மின்ஹாஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"உங்கட போன் என்ன நிறம்?"

அந்த நிமிடம் அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

"பச்சை உறை. ஒரு மூலை வெடிச்சிரிக்கும்."

"சரி. ஆனா இதெல்லாம் பொம்புளையளுட போன். படம் கிடம் இரிக்கும். நான் தொட்டாச் சரியில்ல. உம்மாவையும் சாச்சியையும் கூப்பிடுறன். என்ட போன நீட்டிப் புடிச்சுக்கிட்டு நான் அங்கால கிறுகி நிக்கன்."

ஆக, ஏறாவூரில் மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு கையைப் பின்னால் நீட்டி நின்றான். காத்தான்குடியில் மாமனார் திரைக்குள் கையை நீட்டி நின்றார். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம் எரிந்து முடிந்துகொண்டிருந்தது.

பச்சைப் போனை எடுத்தது மின்ஹாஜின் சாச்சி. திறக்க நான்கு இலக்கம் கேட்டது. இரண்டு வீட்டாரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க, இர்ஷானா தன் இரகசிய இலக்கத்தைச் சத்தமாகச் சொன்னாள்: இரண்டு, ஏழு, ஒன்பது, ஆறு.

"இதென்ன, பிறந்த வருசமுமில்ல," என்றாள் சாச்சி.

"மக்னீசியம் விழுங்குற நிறத்துட இலக்கம், மாமி."

சுவரைப் பார்த்து நின்ற மின்ஹாஜ் திடுக்கிட்டுப்போனான். "மக்னீசியமா? அது வயித்தெரிவுக்குக் குடுக்கிற மருந்துல இரிக்கிற சாமான். கடையில போத்தல் கணக்குல இரிக்கி. அது அங்கயுமா?"

"அங்கயிருந்துதான் இஞ்ச வந்த! நட்சத்திரம் வெடிச்சு வந்ததுதான் அது எல்லாம்!"

"ஆறு இலக்கமும் வந்திட்டு. சொல்லட்டுமா, வேணாமா?" என்றாள் சாச்சி.

சொன்னாள். இர்ஷானா அடித்தாள். பிழை என்றது. சாச்சி கண்ணாடி போடாமல் மூன்றை எட்டாக வாசித்திருந்தாள். இர்ஷானா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த இலக்கங்கள் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மாறிவிடும். மூன்று முறை பிழைத்தால் நாளைவரை கதவு பூட்டிவிடும். இரண்டாவது தடவை சாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்தி, நிதானமாக, அழகாக வாசித்தாள். நான்காவது இலக்கத்தில் சிக்னல் விட்டுப்போய், வந்து சேர்ந்தபோது அந்த இலக்கம் காலாவதி ஆகியிருந்தது. அது தெரியாமல் பதற்றத்தில் இர்ஷானா அனுப்பை அழுத்திவிட்டாள்.

திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. இன்னும் ஒரு முறைதான்.

நடையில் கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் இப்போது வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று போகப் போகிறது என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. நிஸ்மியா சுவரோடு சாய்ந்து, வாயில் முந்தானையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். இர்ஷானாவுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. நான்கு வருடமும் ஆறு இலக்கத்தில் வந்து நிற்கிறதே என்று மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"தா இஞ்ச," என்று ஒரு குரல் கேட்டது.

அது மின்ஹாஜின் உம்மா, ஆயிஷா உம்மா. சோறு குறைந்த ஆறு பேருக்கு எங்கிருந்து சோறு எடுப்பது என்று ஓடித்திரிந்தவள் இப்போதுதான் வந்து நின்றாள்.

"மகள், நான் ஆயிஷா உம்மா பேசுறன். நீங்க பயப்படாதீங்க. மின்ஹாஜிட வாப்பா கட்டாருக்குப் போன காலத்துல கார்ட் சுரண்டித்தான் பேசுற. பன்னிரண்டு, பதினாலு இலக்கம். ஒண்டு பிழைச்சா காசும் போச்சு, மனுசன்ட குரலும் போச்சு. நான் ஒரு நாளும் பிழைச்சதில்ல."

"மாமி, அது மாறிக்கிட்டே..."

"தெரியிது. பக்கத்துல ஒரு வட்டம் தேஞ்சு தேஞ்சு போகுது. இது முடியப் போற இலக்கம், இதச் சொல்லமாட்டன். புதுசு வரட்டும்." காத்தான்குடியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. "வந்திட்டு. ரெண்டு ரெண்டாச் சொல்றன், அடிச்சிக்கிட்டே வாங்க. நாப்பத்தியேழு. பூச்சியம் ஒண்டு. அறுபத்தெட்டு."

இர்ஷானா அடித்தாள். அழுத்தினாள். திரையில் வட்டம் ஒன்று சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

ஏற்றுக்கொள்ளப்பட்டது. தொலைநோக்கி திரும்புகிறது.

அவள் போட்ட கூச்சல் பந்தலுக்கு அந்தப் பக்கம் தெருவரை கேட்டதாம். தனுஷியா அவளைக் கட்டிப்பிடித்தாள். தான் செய்த அலங்காரத்தைத் தானே கலைத்தாள். நிஸ்மியா இர்ஷானாவின் நெற்றியில் கொஞ்சி, பிறகு அங்கிருந்த எல்லோருடைய நெற்றியிலும் கொஞ்சினாள். திரைக்குள் நீட்டின ஹமீடின் கை இன்னும் அப்படியே நின்றது.

"வாப்பா, கைய எடுங்க. சரி வந்திட்டு!"

"என்ன சரி வந்த?"

"உலகத்துலயே பெரிய தொலைநோக்கியள்ல ஒண்டு இப்ப நாம சொன்ன இடத்தப் பார்க்குது வாப்பா!"

ஹமீட் போனைக் காதில் வைத்தார். மருமகனுக்கு நன்றி சொல்லத்தான் நினைத்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை, போன்தான் இருந்தது என்று பதில் வந்தது.

தொலைநோக்கி பார்த்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் இர்ஷானாவைப் பிடித்து உட்காரவைத்து இடது கண்ணுக்கு மை வைக்கத் தனுஷியா எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. அவள் எழும்பி நடப்பாள், யன்னலால் வாவியைப் பார்ப்பாள், திரும்பி வந்து திரையைப் பார்ப்பாள். ஒன்றுமில்லாவிட்டால்? விளக்கு எரிந்து, அங்கே வாயு இல்லையென்றால்? நான்கு வருடமும் பிழை என்று இன்றைக்கே தெரிந்துவிடும். தெரிந்தாலும் பரவாயில்லை என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய். பரவாயில்லாமல் இல்லை.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. கொஞ்ச நேரத்தில் ஹமீட் இரண்டு சாட்சிகளோடு மாடிப்படி ஏறி வந்தார். பள்ளிவாசலில் நிக்காஹ் நடக்க முன் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவர் அறை வாசலில் நின்று தொண்டையைச் செருமின அதே நேரம் லெப்டொப்பில் அந்தப் படம் திறந்தது.

"மகள்..."

"வாப்பா, ஒரு நிமிசம்."

கடையில் ஒரு ஆணிக்குக்கூட யாரையும் காக்கவைக்காத, யாருக்கும் காத்திருக்காத மனிதர் ஹமீட். அவர் சாட்சிகளைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார்.

படத்தில் நீளமாக ஒரு கோடு ஓடியது. அதுதான் நட்சத்திரத்தின் ஒளி, நிறம் நிறமாகப் பிரித்தது. இர்ஷானா ஊதாப் பக்கத்துக்குப் போனாள். பெரிதாக்கினாள். கோடு ஏறி இறங்கி, நேராக வந்து, திடீரென்று ஒரு குழியில் விழுந்து எழும்பியது. பக்கத்திலேயே, கொஞ்சம் ஆழம் குறைவாக, இன்னொரு குழி. மக்னீசியம் எப்போதும் இப்படித்தான், இரண்டாக விழும்.

இருக்கிறது. அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன தூரத்தில், இருக்கிறது.

அவள் இன்னும் பெரிதாக்கினாள். பிறகு கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். அந்தச் சோடிக்குப் பக்கத்தில் இன்னொரு சோடி, சற்று விலகி. அதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு வாயு இல்லை, இரண்டு வாயு. ஒன்று நம் பக்கமாக, மற்றது அப்பால், வெவ்வேறு வேகத்தில். ஒன்று வெளியே போவதாகவும் மற்றது திரும்பி விழுவதாகவும் இருக்கலாமா? தெரியாது. இனி வரும் வருடங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. எங்கோ எப்போதோ வெடித்து முடிந்துபோன நட்சத்திரங்கள் எறிந்ததை, இன்னொரு நட்சத்திரம் வெடித்து வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கிறது. அதைப் பார்க்கிற முதல் ஆள் தான் என்று நினைக்கத் தலை சுற்றியது. சந்தோசம் தாங்க முடியாமல் மேசையை இரண்டு கையாலும் அடித்தாள்.

பிறகுதான் வாசலில் நின்ற மூவரும் ஞாபகம் வந்தார்கள்.

"சொல்லுங்க வாப்பா."

ஹமீட் முறைப்படி கேட்டார். அவள் முறைப்படி ஓம் என்றாள். ஒரு கண்ணில் மையும் மற்றக் கண்ணில் கண்ணீருமாக அவள் நின்ற கோலத்தைப் பார்த்துச் சாட்சிகளில் ஒருவர், பெண் பிள்ளைகள் வீட்டை நினைத்து அழுவது வழக்கம்தானே என்று ஆறுதல் சொன்னார். இவள் கலியாணத்துக்குப் பிறகும் இதே வீட்டில்தான் இருக்கப் போகிறாள், மாப்பிள்ளைதான் வருகிறார் என்பது அவருக்கு அந்த நேரம் மறந்துபோயிருக்க வேண்டும்.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஆயிஷா உம்மா, வெள்ளைத் துணியால் கட்டின சஹனை இடுப்பில் வைத்தபடி வந்தாள். வாசலில் கதிரை வெறுமையாக இருந்தது. நிஸ்மியா அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"இந்தா புடிங்க," என்று சஹனை அவள் கையில் வைத்தாள் ஆயிஷா உம்மா. "ஒண்டும் குறையல்ல. நாங்க சாப்பிடல்ல."

பெண்ணின் நகையைப் பார்க்கவில்லை, சேலையைப் பார்க்கவில்லை. நேரே மாடிக்கு ஏறினாள்.

"எங்க மருமகள்? நான் வாசிச்ச இலக்கத்துக்கு என்ன வந்த? காட்டுங்க."

இர்ஷானா காட்டினாள். ஆயிஷா உம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, குழிகளில் விரலை வைத்தாள்.

"இதா?"

"ஓம் மாமி. இந்த ரெண்டும். பக்கத்துல இந்த ரெண்டும்."

"இத வேற யாரும் கண்டிரிக்காங்களா?"

"இல்ல மாமி. இப்ப உலகத்துலயே நான், தனுஷியா, நீங்க. வேற ஆரும் காணல்ல."

ஆயிஷா உம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் என்னவோ மாறியது. மின்ஹாஜின் வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மகனின் கலியாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. காலையிலிருந்து யார் எவ்வளவு கேட்டும், இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் வருவார் என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சிரிப்பு இல்லை. வேறொன்று இருந்தது, சின்னப் பிள்ளைகளிடம் பார்க்கிற மாதிரி.

அவள் படி இறங்கி வந்து நிஸ்மியாவின் முன்னால் கையை நீட்டினாள்.

"என்ட போனையும் இதுக்குள்ளதான் போட்டனான். எடுங்க. கட்டாருக்குப் பேசணும்."

பெண்கள் பக்கத்துக்குள், அத்தனை பேருக்கும் நடுவில், போன். நிஸ்மியா சஹனைக் கீழே வைத்தாள். துணியை அவிழ்த்து, தேடி எடுத்து, தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

மேலே படிக்கட்டில் இர்ஷானா ஒரு கண் மையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மணி போனது. எடுத்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஓம், நிக்காஹ் முடிஞ்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ். அதக் கேக்காதீங்க, அத மறுகா சொல்றன். இதக் கேளுங்க. நம்மட மருமகள் இண்டைக்கு ஒருத்தரும் காணாத ஒண்டக் கண்டிரிக்கி," என்றாள் ஆயிஷா உம்மா. கூடியிருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"இலக்கம் வாசிச்ச நான்தான்."